சட்ட அமைச்சருக்கு மனு போட்டா கோர்ட் கேஸ் சீக்கிரம் முடியுமா?

பாகப்பிரிவினை கேஸ் வருஷக்கணக்கா இழுக்குது, டெல்லில சட்ட அமைச்சருக்கு மனு போட்டா கோர்ட்டுக்கு உத்தரவு போடுவாரான்னு கேட்ருக்கீங்க. போட மாட்டாருங்க, அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுட்டு போய், ஜட்ஜ் லீவுன்னு கேட்டுட்டு திரும்பி வந்து வெறுத்துப்போய்தான் கேக்குறீங்கன்னு புரியுது. அதே மனுவை நானும் போட்டவன்.

எங்க அம்மாவுக்கு 1984ல கல்யாணம். தமிழ்நாட்டுல 1989லயே பொண்ணுங்களுக்கும் பூர்வீக சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லன்னுட்டாங்க. 2005ல மத்திய சட்டம் திருத்தினப்பதான் அம்மாவுக்கும் வழி வந்துச்சு. மாமா தரமாட்டேன்னுட்டார், 2012ல கேஸ் போட்டோம். தாத்தா 2003லயே தவறிட்டதால அந்த திருத்தம் எங்களுக்கு பொருந்தாதுன்னு எதிர்தரப்பு வாதம், 2015ல சுப்ரீம் கோர்ட்டும் அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு சொல்லிடுச்சா, கேஸ் அப்படியே படுத்துருச்சு.

2017ல கொதிச்சுப்போய் மத்திய அரசோட குறைதீர்ப்பு போர்ட்டல்ல சட்ட அமைச்சகத்துக்கு மனு போட்டேன். நீதித்துறை சுதந்திரமானது, உங்க மனுவை ஹைகோர்ட் பதிவாளருக்கு அனுப்பியாச்சுன்னு இங்கிலீஷ்ல பதில். அம்மா அந்த பிரிண்ட் அவுட்டை பூஜை அலமாரில வச்சுட்டு "டெல்லிலேர்ந்தே வந்துருச்சேடா, இனிமே நடந்துரும்ல?"ன்னு கேட்டாங்க. நானும் நடக்கும்னுதான் நினைச்சேன். அந்த நம்பிக்கைல ரெண்டு வாய்தா போகல, ஆள் வரலன்னு டீஃபால்ட்ல கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு, திரும்ப ஃபைலுக்கு கொண்டு வர 14 மாசம். அமைச்சகத்தை குறை சொல்லல, அவங்க பதில் சரிதான். தெரியாம போனது நான்.

சட்ட அமைச்சகத்துல மூணு துறை இருக்கு. ஒண்ணு அரசாங்கத்துக்கு சட்ட ஆலோசனை சொல்லி அரசு கேஸ்களை பாக்குறது, ஒண்ணு மசோதா எழுதுறது, மூணாவது நீதித்துறைங்கிற அரசு இலாகா, கோர்ட்டு இல்ல, அது 2009 வரைக்கும் உள்துறை அமைச்சகத்துலதான் இருந்துச்சு. ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் நியமன ஃபைல் இது வழியா போகும், ஆனா பேர் சொல்றது கொலீஜியம்ங்கிற மூத்த ஜட்ஜுங்க குழு. அதை மாத்த கொண்டு வந்த நியமன ஆணைய சட்டத்தை 2015 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. உங்க ஊர் முன்சீப் கோர்ட், சப் கோர்ட் எல்லாம் அரசியலமைப்பு 235வது பிரிவுப்படி ஹைகோர்ட் கட்டுப்பாடு. 1998ல நம்ம தம்பிதுரை சட்ட அமைச்சரா இருந்தார், 2023 மே மாசம் கிரண் ரிஜிஜுவை மாத்திட்டு அர்ஜுன் ராம் மேக்வாலை போட்டாங்க, யார் வந்தாலும் உங்க வாய்தா தேதி அவங்க கைல இல்ல.

அப்ப அமைச்சகமே தண்டமான்னு சண்டைக்கு வராதீங்க, நான் அப்படி சொல்லல. முதல் சட்ட அமைச்சர் அம்பேத்கர், பொண்ணுங்களுக்கும் சொத்துல பங்கு தர்ற இந்து சட்ட மசோதாவை நிறைவேத்த விடலன்னுதான் 1951ல ராஜினாமாவே பண்ணார். அவர் ஆரம்பிச்சு வச்சது 1956லயும் 2005லயும் சட்டமா வந்ததாலதான் எங்க அம்மா பங்குன்னு வாய் திறந்து கேக்க முடிஞ்சுது.

இன்னொரு ஆத்திரம், கேள்விக்கு சம்பந்தமில்லதான். ஹைகோர்ட்ல தமிழ் வேணும்னு 2006ல சட்டசபைல தீர்மானம் போட்டாங்க, 2012ல சுப்ரீம் கோர்ட் வேணாம்னு சொல்லுச்சு, மத்திய அரசு அதையே பதிலா அனுப்பிடுச்சு. ராஜஸ்தான், உ.பி, ம.பி, பீகார் ஹைகோர்ட்ல இந்திக்கு அனுமதி இருக்கு. தன் கேஸ்ல என்ன எழுதிருக்குன்னு எங்க அம்மா தானா படிச்சு தெரிஞ்சுக்க கூடாதா?

எங்களுக்கு உதவினது கோர்ட் வளாகத்துலயே இருக்கிற சட்டப்பணிகள் குழு. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டத்துலயே இருக்கு, இது அஞ்சு வருஷம் எனக்கு யாரும் சொல்லல. ஓசி வக்கீல் ஒழுங்கா பாக்கமாட்டாங்கன்னு கமெண்ட்ல வருவீங்க, எங்களுக்கு வந்த வக்கீலம்மா கேஸ் கட்டை மொத்தமா வாங்கி ராத்திரி உக்காந்து படிச்சுட்டு மறுநாளே ஃபோன் பண்ணாங்க. 2020 ஆகஸ்ட்ல, அப்பா 2005க்கு முன்னாடியே இறந்திருந்தாலும் பொண்ணுக்கு பங்கு உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் மூணு நீதிபதிங்க தீர்ப்பு சொன்னதும் மாமா இறங்கி வந்தார், சமரசமா பேசி முடிக்கிற லோக் அதாலத்ல (மக்கள் நீதிமன்றம்) முடிச்சோம். அதுல முடிஞ்சா அப்பீல் கிடையாது, கட்டின கோர்ட் ஃபீஸும் திரும்ப வரும். அந்த சமரசத்துலயே கிணத்துல தண்ணி எடுக்க எங்களுக்கு வாரத்துக்கு மூணு நாள்னு எழுதி வாங்கினாங்க அந்த வக்கீலம்மா, எனக்கு அது தோணவே இல்ல.

இலவச சட்ட உதவி நம்பர் 15100க்கு ஃபோன் பண்ணுங்க, இல்ல அந்த சட்டப்பணிகள் குழுவுக்கு நேராவே போங்க. பிராது நகல், சிட்டா, ஆதார், கேஸ் நம்பர் எடுத்துக்கோங்க, கேஸ் உங்க அம்மா பேர்ல இருந்தா அவங்களையும் கூட்டிட்டு போங்க, அவங்க கையெழுத்து வேணும்.