பங்காளி என்றால் தீட்டும் உண்டு

கேள்வி: உலகின் உணவு, வேளாண் முறைமைகளை மாற்றியமைக்க நாடுகளும் கம்பனிகளும் விவசாயிகளும் ‘பங்காளர்களாக’ ஒன்றிணைய வேண்டும் என்கிறார்கள். இலங்கையின் மலையகத்துக்கு இதனால் ஏதாவது பயன் கிடைக்குமா?
– வாசகர் ஒருவர், கொட்டகலை

பதில்: பங்காளர்! இந்தச் சொல்லை அறிக்கைகளுக்குள் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. பங்காளி யார் என்று நம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். ஒரே தாத்தாவின் சொத்தில் உரிமை உள்ளவன். மாமன் மச்சானோடு கேலியும் விருந்தும் என்றால், பங்காளியோடு வரப்புத் தகராறும் வழக்கும். ஆனால் அவன் வீட்டில் சாவு விழுந்துவிட்டால், பத்து வருடம் முகம் பார்க்காதவனுக்கும் கருமாதி முடியும்வரை தீட்டு. கோயிலுக்குப் போக முடியாது. வீட்டில் நல்ல காரியம் வைக்க முடியாது. சொத்திலும் பங்கு, துக்கத்திலும் பங்கு. அதனால் மாநாட்டு மேசையைச் சுற்றி அமர்பவர்களை யாராவது பங்காளர் என்றால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். நிலத்தில் பங்கு யாருக்கு? இழவு விழுந்தால் தீட்டு யாருக்கு?

2021ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. செப்டெம்பர் 23ஆம் திகதி ஐ.நா.வின் உணவு முறைமைகள் உச்சிமாநாடு நியூயோர்க்கை மையமாகக் கொண்டு கூடியபோதும் இங்கே தடை நீடித்தது. நவம்பரில்தான் அதை விலக்கிக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதும் அதே ஆண்டில்தான். அதைக் காரணம் காட்டிப் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய நிறையையும் ஏற்றிவிட்டார்கள். உரம் காணாத செடியில் அந்த நிறைக்குக் கொழுந்து எங்கிருந்து வரும்? கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், அட்டைக் கடியோடு மழையில் நின்று பறித்தவர்கள் அரைப் பேரோடு வீடு திரும்பினார்கள். இயற்கைப் பசளைக்கு நான் எதிரியல்லன். மண்ணைப் பழக்கி எடுக்க ஆண்டுகள் வேண்டும், வர்த்தமானி அறிவித்தல் ஒன்றால் அது ஆகிற காரியமில்லை என்றுதான் அன்றும் எழுதினேன். முடிவு எடுத்தவர்கள் வேறு. தீட்டுக் காத்தவர்கள் நாம்.

நாடுகள் கைகோத்தால் வயிறு நிறையும் என்பதையும் நான் மறுக்கவில்லை. 1952இல் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தம் இருக்கிறதே, ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்கினோம். அரிசிக்கு உலகமே தவித்த நேரம் அது. பெரிய நாடுகளின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல் செய்த நல்ல காரியம். ஆனால் அந்த இறப்பருக்குப் பால் வெட்டியவர்களில் எத்தனையோ பேர் நம்மவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பறிபோய், அதே 1952 தேர்தலில் வாக்குப் போட முடியாமல் நின்றவர்கள். நாட்டுக்குச் சோறு கொண்டுவந்த கைகளுக்கு நாடு இல்லை. எழுபது ஆண்டுகள் கடந்தும் இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

ரொட்டியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். லயத்து அடுப்பில் வேகிற ரொட்டிக்கான கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. 2022இல் உக்ரேன் போரும் டொலர் தட்டுப்பாடும் ஒன்றாக வந்தபோது மா விலை ஏறியது, பிள்ளைகளின் தட்டில் ரொட்டி மெலிந்தது. கருங்கடலில் கப்பல் நின்றால் மஸ்கெலியாவில் பிள்ளை பசியோடு பள்ளிக்கூடம் போகிறது. ஆகவே உலகம் கூடிப் பேசத்தான் வேண்டும். யாரை வைத்துப் பேசுகிறது என்பதில்தான் என் சண்டை.

போன மாதம் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்துக்குப் பின்னால், கானை ஒட்டிய சரிவில், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கல் அடுக்கி நான்கு பாத்தி கட்டியிருந்தார். மூன்றில் லீக்ஸ், ஒன்றில் கோவா. சாணமும் அடுப்புச் சாம்பலும்தான் பசளை. கோவா இலையை ஒவ்வொன்றாக விலக்கி, உள்ளே சுருண்டிருந்த பச்சைப் புழுவை விரலால் எடுத்து டின்னில் போட்டுக்கொண்டிருந்தார். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், நிர்வாகம் பிடுங்கச் சொன்னால் நாளைக்கே பிடுங்க வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த நாற்றை ஊன்றி, ஈர மண்ணைப் பெருவிரலால் அழுத்தினார்.

பயன் கிடைக்குமா என்று கேட்டீர்கள். அந்த நான்கு பாத்திக்கு அந்த அக்காவின் பெயரில் காணி உறுதி எழுதிக் கொடுக்கட்டும். வீடு கட்ட ஏழு பேர்ச் துண்டு நிலத்தோடு கணக்கை மூடிவிடாமல், பயிர் செய்யவும் காணி கொடுக்கட்டும். விளைச்சல் பொய்த்தால் ஈடு செய்ய ஓர் ஏற்பாட்டைச் செய்யட்டும். அடுத்த மாநாட்டுக்கு அவரையும் அழைத்துப் போகட்டும். அதுவரை ‘பங்காளர்’ என்ற சொல்லோடு எந்தக் கட்டுரை வந்தாலும் அந்தச் சொல்லை அடித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவேன்.