சின்த்-பாப் பேஸும் ஒரு பழைய ஜூனோவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பிய சின்த்-பாப் (சின்தசைசரை மையமாகக் கொண்ட பாப் இசை) பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டு நானும் ஒன்று செய்து பார்க்க இறங்கினேன். லேப்டாப்பில் பழைய மூக் (Moog) சின்தசைசர் மாதிரி ஒலிக்கும் ஒரு ப்ளகின் (மென்பொருள் கருவி), 808 ட்ரம் மெஷினின் ஒலிப்பதிவுகள் அடங்கிய ஒரு சாம்பிள் பேக், வேகம் நிமிடத்துக்கு 126 மாத்திரை (பீட்). பேஸில் (அடிச்சுருதிப் பகுதியில்) ஒரு மாத்திரைக்கு நான்கு ஸ்வரம் வீதம் வரிசையாக நிரப்பினேன். கேட்டால் டைப்ரைட்டர் அடிக்கிற மாதிரி இருக்கிறது. டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்'விலும் நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே'விலும் இருக்கும் துள்ளல் கொஞ்சமும் வரவில்லை. ப்ளகினில் இதெல்லாம் வராது, நிஜ அனலாக் சின்த் வாங்கு என்கிறான் நண்பன். ரோலண்டின் பழைய ஜூனோ-106 சின்தசைசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஜூனோவைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் ப்ளகின் போதும். ஸ்வரங்கள்தான் இரண்டு மடங்கு கூடிவிட்டன.

'ஐ ஃபீல் லவ்' 1977-இல் மியூனிக்கின் மியூசிக்லாண்ட் ஸ்டுடியோவில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலோட்டும் உருவாக்கியது. அடுத்த பத்தாண்டு ஐரோப்பிய நடன இசை முழுக்க அதன் பேஸிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது. அந்த பேஸை ஹெட்ஃபோனில், ஒரு காதை மட்டும் வைத்துக் கேளுங்கள். இடது பக்கம் வருவது மூக் மாடுலர் என்ற சின்தசைசர் வாசித்தது. வலது பக்கம் வருவது அதே ஸ்வரம், டிலே (ஒலியைத் தாமதித்துத் தரும் கருவி) வழியாகச் சற்றுத் தாமதமாக. இரண்டும் சேரும்போதுதான் நீங்கள் நிரப்பிய அத்தனை ஸ்வரமும் காதில் விழுகிறது. வாசித்தது பாதிதான்.

எனவே உங்கள் வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றை அழியுங்கள். மாத்திரைக்கு இரண்டு ஸ்வரம் மிஞ்சும். 60,000-ஐ 126-ஆல் வகுத்தால் ஒரு மாத்திரை 476 மில்லிசெகண்ட், அதில் கால் பங்கு 119. பேஸை நகலெடுத்து இன்னொரு ட்ராக்கில் போட்டு, டிலேயை 119 மில்லிசெகண்டுக்கு வைத்து, நேரடி ஒலி துளியும் கலக்காமல் டிலே ஒலி மட்டும் வரும்படி செய்யுங்கள். மூலம் முழு இடது, நகல் முழு வலது. நகலின் அளவு ஒன்றிரண்டு டெசிபல் குறைவாக இருக்கட்டும்.

இங்கே பலரும் சறுக்குவது ஃபீட்பேக்கில், அதாவது எதிரொலி மறுபடி டிலேக்குள் போகும் அளவில். டிலே ப்ளகின்கள் பெரும்பாலும் 30, 40 சதவீத ஃபீட்பேக்குடன்தான் திறக்கின்றன. அதைப் பூஜ்யமாக்குங்கள். இல்லையென்றால் இரண்டாவது எதிரொலி 238 மில்லிசெகண்டில், சரியாக அடுத்த ஸ்வரத்தின் தலையில் வந்து விழும். ஒரே சுருதி என்றால் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று தின்று பேஸ் சில இடங்களில் மெலியும். சுருதி மாறியிருந்தால் பழைய ஸ்வரம் புதியதோடு மோதும். ஒரே ஒரு எதிரொலி என்றால் அது எப்போதும் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவிலுள்ள காலி இடத்தில் விழுகிறது, கார்டு (ஸ்வரக் கூட்டு) மாறும் இடத்திலும் சிக்கல் இல்லை. ஸ்வரத்தின் நீளமும் அந்த 119-க்குள் அடங்க வேண்டும். 70, 80 மில்லிசெகண்டில் நிறுத்தி ரிலீஸைக் (ஒலி அடங்க எடுக்கும் நேரம்) குறுக்குங்கள்.

டைப்ரைட்டர் சத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல ப்ளகின்களில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஆசிலேட்டரின் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி) அலை மறுபடி ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும். அட்டாக்கையும் (ஒலி எழ எடுக்கும் நேரம்) பூஜ்யத்தில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாத ஒரே 'டிக்' கேட்கும். பழைய மூக்கில் ஆசிலேட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்வரம் அலையின் எந்த இடத்தில் பிடிபடுகிறதோ அங்கிருந்து ஒலிக்கும், அதனால் தொடக்கம் ஒவ்வொரு தடவையும் இம்மி அளவு வேறு. ஆசிலேட்டர் பகுதியில் ரீட்ரிகர் அல்லது ஃபேஸ் ரீசெட் என்று இருப்பதை அணைத்துவிட்டு, அட்டாக்கை 2 மில்லிசெகண்டுக்கு ஏற்றுங்கள். இரண்டு சா (ரம்பப் பல் வடிவ) அலைகள், நடுவில் 5 சென்ட் (அரைச் சுருதியில் நூறில் ஐந்து) விலகல். வெலாசிட்டியை (ஒவ்வொரு ஸ்வரத்தின் அடிபலம்) கண்டபடி கலைத்துவிட்டால் மனித வாசிப்பு வந்துவிடும் என்று யூடியூபில் சொல்வார்கள், வேண்டாம். அசைவு வேண்டுமென்றால் ஃபில்டர் கட்டாஃபை (கூர்மையான ஒலி வெட்டப்படும் எல்லை) எட்டு பார் நீளத்துக்கு மெல்லத் திறந்து மூடுங்கள். இடது வலதாகப் பிரித்தபின் பேஸ் ஒரு பக்கம் சாய்வதுபோல் தோன்றினால் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் மோனோவாக்கிவிடலாம் (இரு பக்கமும் ஒரே ஒலி).

அந்தப் பாட்டில் எல்லாமே இயந்திரம் என்று நினைக்கிறோமே, கிக்கை (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) ட்ரம்மர் கீத் ஃபோர்சி காலால் வாசித்தார். மூக் சின்தசைசரில் செய்த கிக்குக்குப் போதுமான அடி இல்லை. அந்த மாடுலர் சீக்கிரம் சுருதி விலகிவிடும் என்பதால் இருபது முப்பது விநாடித் துண்டுகளாகப் பதிவு செய்தார்கள். 16 ட்ராக் டேப்பின் ஒரு ட்ராக்கில் மூக்கை இயக்கிய பொறியாளர் ராபி வெடல், நேரம் காட்டும் துடிப்பு ஒன்றைப் பதிந்து வைத்தார். மூக் அதைப் பிடித்துக்கொண்டு ஓடியதால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின.

'ப்ளூ மண்டே' (1983) வேறு கணக்கு. பேஸ் வரிசை மூக் சோர்ஸ் என்ற சின்தசைசரில். அதை ஓட்டியது பவர்ட்ரான் சீக்வென்சர் (ஏற்றிவைத்த ஸ்வரங்களை வரிசையாக வாசிக்கும் கருவி), உதிரிப் பாகங்களின் கிட்டாக விற்றதை நியூ ஆர்டரின் பெர்னார்ட் சம்னர் தானே சேர்த்துக் கட்டியது. ட்ரம், ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற ட்ரம் மெஷின். உங்கள் 808 பேக்கை எவ்வளவு இழுத்தாலும் அந்தக் கிக் வராது. 808-இன் கிக் சர்க்யூட்டில் பிறக்கிறது, டிஎம்எக்ஸின் கிக் சிப்பில் எழுதப்பட்ட நிஜ ட்ரம்மின் பதிவு. டிஎம்எக்ஸ் சாம்பிள் தேடி எடுங்கள். ஹியூமன் லீகின் 'டேர்' (1981) மாதிரி வேண்டுமென்றால் லின் எல்எம்-1 ட்ரம் மெஷின். அதில் க்ராஷ், ரைடு சிம்பல்கள் கிடையாது என்பதால் உங்கள் பாட்டிலிருந்தும் க்ராஷை எடுத்துவிடுங்கள், பாதி ஒலி அங்கேயே வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பழைய ட்ரம் மெஷின் என்றால் 8 பிட் என்று பிட்-க்ரஷரை (ஒலியின் நுணுக்கத்தை வேண்டுமென்றே குறைக்கும் ப்ளகின்) மாட்டாதீர்கள். அந்த 8 பிட், சன்னமான ஒலிக்கு நெருக்கமான படிகளும் உரத்த ஒலிக்கு அகலமான படிகளுமாக அமைந்தது. க்ரஷரின் சம படிகளில் அடியின் வால் மணல்மாதிரி உதிரும்.

அந்தக் காலத்தில் இயந்திரங்களைக் கோர்ப்பதே பெரிய வேலை. ரோலண்ட் கருவிகள் ஒரு மாத்திரைக்கு 24 துடிப்பு எதிர்பார்க்கும், லின் 48, ஓபர்ஹைம் 96. டிஎம்எக்ஸின் துடிப்பை அப்படியே ரோலண்ட் சீக்வென்சருக்குக் கொடுத்தால் பாட்டு நான்கு மடங்கு வேகத்தில் ஓடும். நடுவில் நாலில் ஒன்றாக வகுக்கும் சர்க்யூட் வேண்டும். பிறகு மிடி (கருவிகளை இணைக்கும் பொது டிஜிட்டல் முறை) வந்து இதைச் சரிசெய்தது, ஆனால் விநாடிக்கு 31,250 பிட்தான் அதன் வேகம். ஒரு ஸ்வரத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். ஒரே கேபிளில் பத்து ஸ்வரம் ஒன்றாகக் கிளம்பினால் கடைசி ஸ்வரம் முதல் ஸ்வரத்துக்கு 9 மில்லிசெகண்ட் பின்னால் வரும். யாஸூவிலும் இரேஷரிலும் இருந்த வின்ஸ் கிளார்க் மிடி வந்த பிறகும் வோல்டேஜில் ஓடும் பழைய சீக்வென்சர்களை விடாததற்கு வெறும் பிடிவாதம் மட்டும் காரணமில்லை.

'ப்ளூ மண்டே'யின் சின்த் மெலடி தாளத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும், கவனித்திருப்பீர்கள். நியூ ஆர்டரின் கில்லியன் கில்பர்ட் ஸ்வரங்களை ஒட்டிச் சேர்த்த நீளமான தாள்களில் எழுதி வைத்துச் சீக்வென்சரில் ஒவ்வொன்றாக ஏற்றினார். ஒன்று விடுபட்டுவிட்டது. படிப்படியாக ஏற்றும் சீக்வென்சரில் ஒன்று விட்டால் பின்னால் உள்ளவை எல்லாம் ஒரு படி முன்னால் நகரும். உங்கள் மென்பொருளில் ஒரு ஸ்வரத்தை அழித்தால் அந்த இடத்தில் ஓட்டைதான் விழும், மற்றவை நகராது. அதே விளைவு வேண்டுமென்றால் அழித்தபின், அதற்குப் பின்னால் உள்ள எல்லா ஸ்வரங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரு படி இடப்பக்கம் தள்ளுங்கள். பேஸையும் கிக்கையும் தொடாதீர்கள்.

இனி ஜூனோ. 106 வெளிவந்தது 1984-இல். ஒரு குரலுக்கு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களில் ஒன்றுக்கு) ஒரு ஆசிலேட்டர், டிஜிட்டல் கட்டுப்பாட்டில் ஓடுவதால் சுருதி அசையாது. கோரஸ் (ஒலியைப் பெருக்கி அகலமாக்கும் வசதி) போட்ட பின்னணிக் கார்டுகளுக்கு அருமையான கருவி. சீக்வென்சர் இல்லை. நீங்கள் கேட்கும் பேஸுக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். அந்த நீண்ட பின்னணி ஒலிக்கும் (பேட்) சேர்த்து என்றால், போய்ப் பார்த்துச் சோதித்துவிட்டு வாங்குங்கள். கீ ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கருவியை ஆன் செய்தால் சோதனை நிலைக்குப் போகும். ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள், ஆறு குரல்களும் வரிசையாக எண்ணோடு வரும். எந்த எண்ணில் சத்தம் இல்லையோ, அல்லது கரகரவென்று இழுக்கிறதோ, பெரும்பாலும் அந்தக் குரலின் 80017ஏ என்ற சிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிப்பின் மேலுள்ள பிசின் பூச்சுதான் அதற்கு எமன். அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரித்தால் சில பிழைக்கும், பிழைக்காதவற்றுக்கு மாற்றுச் சிப் வாங்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஒலிகளைக் காக்கும் பேட்டரி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று போட்டிருந்தால் அது ஜப்பானில் விற்ற பெட்டி. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230-இல் செருகிவிடாதீர்கள்.

அன்புடன்.