பழைய யாட் எவ்வளவு டீசல் குடிக்கும்?

கேள்வி: பினாங்கில் இருக்கும் என் மாப்பிள்ளை 40 அடி மோட்டார் யாட் (உல்லாசப் படகு) ஒன்றை விலை பேசியிருக்கிறார். 1989-இல் கட்டியது; 250 குதிரைத்திறனில் இரண்டு டீசல் இன்ஜின். நல்ல மைலேஜ் என்கிறார் விற்பவர். பழைய இன்ஜின், டீசலுக்கே சொத்து கரைந்துவிடும் என்கிறாள் வீட்டு ஆச்சி. பாதிப் பணம் நான் போடுகிறேன். என்ன சொல்கிறீர்கள்?
- வாசகர், தேவகோட்டை

பதில்: அண்ணே, கப்பல் இன்ஜின் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அங்கே மைலேஜ் என்ற பேச்சே கிடையாது, மணிக்கு எத்தனை லிட்டர் என்பதுதான். ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் எடுத்தால் சுமார் 200 மில்லி டீசல் எரியும். பழைய இன்ஜின் கொஞ்சம் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். ஆச்சி கவலைப்பட வேண்டியது மாப்பிள்ளையின் வேகத்தைப் பற்றி.

பினாங்கிலிருந்து லங்காவி சுமார் 60 கடல் மைல். 16 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 16 கடல் மைல், பறந்தால் இரண்டு இன்ஜினும் சேர்ந்து மணிக்கு 75 லிட்டர் வரை எடுக்கும். போய்ச் சேர 280 லிட்டர். அதே படகு ஏழரை நாட் வேகத்தில் போனால் எட்டு மணி நேரம் ஆகும், ஆனால் 100 லிட்டருக்குள் முடிந்துவிடும். நீர்மட்டத்தில் 36 அடி நீளம் இருக்கும் படகுக்கு 8 நாட்தான் இயல்பான எல்லை. அதைத் தாண்டினால் தான் கிளப்பிய அலை மீதே ஏற வேண்டும், அந்த ஏற்றத்துக்குத்தான் டீசல் போகிறது. ஒன்று, நாள் முழுக்க மெதுவாகவே ஓட்டினால் டீசல் இன்ஜினில் கரி படியும். இடையிடையே பத்து நிமிஷம் வேகம் கூட்டச் சொல்லுங்கள்.

விற்பவர் சொல்லும் கணக்கை விடுங்கள், ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்தில் கரும்புகை தொடர்ந்து வந்தால் டீசல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம்: இன்ஜெக்டர் கோளாறாகவோ, காற்று போதாமலோ, ப்ரொப்பெல்லர் சுமை கூடியோ இருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அடிப்பக்கத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டியிருந்தாலும் டீசல் எகிறும். தொண்டியில் கரையேற்றிய விசைப்படகுகளின் அடியைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

அப்புறம் டேங்க். அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, கால் மணி நேரம் வைத்து, வெயிலில் தூக்கிப் பார்க்க வேண்டும். நான் ஒருமுறை அப்படிப் பார்த்தபோது கீழே இரண்டு விரல் தண்ணீர், அதன் மேல் பழைய ரசம் மாதிரி கறுப்புச் சளி, அதற்கும் மேலேதான் டீசல். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் கிருமி அது. நடுக்கடலில் ஃபில்டரை அடைத்துவிடும். அந்தப் படகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டேங்கில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. இதில் பேரம் கூடாது.

சரி, பணம் போடலாமா? டீசலைவிட, படகு சும்மா நிற்கிற மாதங்களை எண்ணிப் பாருங்கள். பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் நம் வளவு வீட்டுக்கும் ஓடு மாற்றுகிறோம், ஆள் வைக்கிறோம் இல்லையா? துறை வாடகை, இன்சூரன்ஸ், அடிப்பூச்சு எல்லாம் அதே கதை. வருஷத்துக்கு எத்தனை நாள் ஓட்டுவார் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுதுங்கள், பிறகு கணக்குப் போடுவோம்.