அந்த இளநீர் ஏன் திரும்பி வந்தது?

கேள்வி: நான் குன்னூரில் இருக்கிறேன். என் தோழி ஊட்டியில். இருபது வருடப் பழக்கம். சிறுநீரகம் செயலிழந்து, மூன்று மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு டயாலிசிஸ். போன மாதம் காய்கறி சூப், ராகிக் கஞ்சி, இளநீர், வாழைப்பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அவள் மகள், "ஆன்ட்டி, இதுல ஒண்ணுகூட அம்மாவுக்கு ஆகாது" என்று சொல்லி அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். தோழிக்கு உயிர் உருளைக்கிழங்கு வறுவல்தான். வரும் புதன்கிழமை அவளோடு உட்கார்ந்து மதியம் சாப்பிட ஆசை. என்ன சமைத்து எடுத்துப் போகலாம்?
– வாசகி, குன்னூர்

பதில்: மகள் மேல் வருத்தப்படாதீர்கள். அவள் சொன்னது சரி. நீங்கள் கொண்டுபோன நாலும் காய்ச்சலில் கிடக்கிறவருக்குக் கொடுக்கிற சாப்பாடு. காய்ச்சல்காரருக்கு உடம்பில் நீரும் உப்புச் சத்தும் குறைகின்றன. உங்கள் தோழிக்கு நேர் எதிர். உள்ளே போகிற தண்ணீரும் பொட்டாசியமும் பாஸ்பரசும் வெளியேற வழியில்லாமல் அடுத்த டயாலிசிஸ் வரை ரத்தத்திலேயே தங்கும். பொட்டாசியம் எல்லை தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறும். டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாளைக்குப் பொட்டாசியம் பெரும்பாலும் 2,000 மில்லிகிராமை ஒட்டித்தான் அனுமதிப்பார்கள். ஒரு இளநீரிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 350 முதல் 400 வரை. காய்கறி சூப் என்பது காய்களிலிருந்து கரைந்து இறங்கிய பொட்டாசியத் தண்ணீர். ராகியில் பாஸ்பரஸ் அதிகம், கஞ்சியாகக் கரைத்தால் தண்ணீர்க் கணக்கும் ஏறும்.

ஆக, "சத்தான ஆகாரம்" என்று நாம் பழகிய பட்டியலை இவருக்குத் தலைகீழாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தவிட்டரிசியைவிடக் கஞ்சி வடித்த வெள்ளைச் சோறு நல்லது. பழச்சாற்றைவிட ஒரு துண்டுப் பழம் நல்லது. சர்க்கரை நோய் இல்லாதவர் என்றால், வாழைப்பழத்தைவிட ஒரு வர்க்கி பிஸ்கட்கூடத் தேவலை! (ஒன்றுதான். அதிலும் உப்பு உண்டு.)

மலைக்காய்களைப் பொறுத்தவரை உங்கள் ஊர் மார்க்கெட்டில் பாதி ஆகும், பாதி ஆகாது. உருளை, பீட்ரூட், கேரட், கீரை வகைகள், பட்டர் ஃப்ரூட் எல்லாம் பொட்டாசியம் கூடியவை. மேராக்காயும் (சௌசௌ) முட்டைக்கோஸும் குறைவானவை. 100 கிராம் உருளையில் 400 மில்லிகிராமுக்கு மேல் என்றால், அதே எடை மேராக்காயில் 125 அளவுதான். பழத்தில் ஆப்பிளும் பேரிக்காயும் பாதுகாப்பு. அரைப் பேரிக்காய் நறுக்கி எடுத்துப் போங்கள், போதும். மலைப்பாதைப் பழக்கடையில் நட்சத்திரப் பழம் கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அது விஷம். ஒரே பழத்தில் விக்கல், குழப்பம், வலிப்பு வரை போனவர்கள் உண்டு.

இனி உருளைக்கு வருவோம். தினமும் ஆகாது. எப்போதாவது ஒரு சின்னக் கரண்டி ஆகும், அதுவும் இரண்டு தண்ணீரில் வேகவைத்தால். மலையில் எல்லாரும் செய்கிற தவறு இங்கேதான் நடக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குன்னூரில் அதைவிட ஒரு டிகிரி கூட இருக்கும். திறந்த பாத்திரத்தில் எதுவும் சீக்கிரம் வேகாது என்பதால் எல்லாவற்றையும் குக்கரில் போட்டுப் பழகிவிட்டோம். குக்கரில் கொஞ்சம் தண்ணீர்தான் ஊற்றுவோம், அதையும் கீழே கொட்டுவதில்லை. பொட்டாசியம் எங்கேயும் போகாமல் கிழங்கிலும் சாறிலுமே நிற்கும். அதனால் புதன்கிழமைச் சமையலில் காய்களுக்குக் குக்கர் வேண்டாம்.

இருவருக்கும் சேர்த்து 150 கிராம், அதாவது நடுத்தர உருளை ஒன்று. தோல் சீவி அரை சென்டிமீட்டர் கனத்தில் சின்னத் துண்டுகளாக நறுக்குங்கள். துண்டு சின்னதானால் பொட்டாசியம் கூடுதலாக இறங்கும், மலையில் வேகிற நேரமும் மிச்சமாகும். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு, கொதி வந்தபின் ஐந்து நிமிடம் விட்டு முழுவதும் வடித்துவிடுங்கள். மறுபடி புதுத் தண்ணீர் அதே அளவு ஊற்றி, கத்தி குத்தினால் லேசாகத் தடுத்து இறங்குகிற பதத்தில் நிறுத்தி வடியுங்கள். குழைந்தால் வறுவல் களியாகிவிடும். இப்படிச் செய்தால் பாதிக்கு மேல் போய்விடும், முழுவதும் போகாது. வெறும் பச்சைத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கொதிக்கவைத்து வடித்தால்தான் பலன். துணியில் பரப்பி ஈரம் உலர்த்தியபின், இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு நாலு பல் தாளித்து, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்து இறக்குங்கள். அவர் பங்கு மூன்றில் ஒன்று, மீதி உங்களுக்கு.

அன்றைக்குப் பெரிய பாத்திரம் மேராக்காய்க் கூட்டாக இருக்கட்டும். 250 கிராம் காயைத் தோல் சீவி நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடியுங்கள். வேறு பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பை வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த்துருவல், அரை டீஸ்பூன் சீரகம், ஒரு பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்து, கெட்டியாக இரண்டு நிமிடம் கொதிக்கவைத்தால் போதும். சோற்றோடு பிசைய இதுவே ஈரம் தரும். ரசம், குழம்பு தேவையில்லை. புளிப்புக்குக் கால் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

பலரும் தவறவிடுவது புரதத்தை. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். தொடங்கியபின் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புரதம் வெளியேறிவிடுவதால் கூட்டிச் சாப்பிடச் சொல்வார்கள். பழைய பயத்தில் பலர் சோறும் மோருமாகவே காலம் தள்ளி மெலிந்துபோகிறார்கள். அவர் முட்டை சாப்பிடுவார் என்றால் இரண்டு வெள்ளைக்கருவை மிளகு, வெங்காயம் போட்டுப் பொடிமாஸ் செய்யுங்கள். ஏழு கிராம் புரதம் கிடைக்கும். பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள்கருவில்தான் இருக்கிறது.

உப்பு இருவருக்கும் எல்லாப் பதார்த்தத்துக்கும் சேர்த்துத் தலைதட்டிய அரை டீஸ்பூன், சுமார் 3 கிராம். சோற்றில் போடாதீர்கள். காய் வேகும்போதும் போடாதீர்கள், வடிக்கிற தண்ணீரோடு போய்விடும். இறக்கியபின் மேலாகத் தூவினால் நாக்கில் முதலில் அதுதான் படும், குறைந்த உப்பும் போதுமென்று தோன்றும். இந்துப்பு மாற்று ஆகாது, அதுவும் சோடியம்தான். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பது இன்னும் மோசம், சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்தது. அப்பளம், வற்றல், ஊறுகாய் மூன்றையும் உங்களுக்கென்றுகூட எடுத்துப் போகாதீர்கள். அவர் எதிரே உட்கார்ந்து நீங்கள் மட்டும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் சேர்ந்து சாப்பிடுவதற்கே அர்த்தமில்லை.

ஹாட்பாக்ஸில் முதலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கச் சாப்பாட்டை அடைத்து வழியில் திறக்காமல் கொண்டுபோங்கள். இந்தக் குளிரில் வெறும் டிபன் கேரியர் அரவங்காடு தாண்டுவதற்குள் ஆறிவிடும். வறுவலை மட்டும் மூடி லேசாகத் திறந்த டப்பாவில் தனியாக எடுங்கள், இல்லாவிட்டால் வேர்த்துச் சொதசொதவென்று ஆகும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சீசன் நெரிசல் இருந்தால் அவர் வீட்டிலேயே கொதிக்கச் சூடு காட்டிக்கொள்ளுங்கள்.

போனதும் டீ வரும். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருப்பார். டீ, தயிர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். நீங்கள் இரண்டாவது டீ கேட்டால் அவருக்கும் ஒன்று ஊற்றுவார்கள். ஆகவே ஒன்றோடு நிறுத்துங்கள், அதுவும் சின்ன டம்ளரில். பாஸ்பரசைக் கட்டுப்படுத்தச் சாப்பாட்டோடு விழுங்குகிற மாத்திரை அவருக்கு இருக்கலாம். பேச்சு சுவாரஸ்யத்தில் அது மறந்துபோகும். இலை போடும்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பயனில்லை.

புதன் நல்ல நாள். டயாலிசிஸ் அன்று மாலை களைப்பும் குமட்டலுமாக இருப்பார்கள், மறுநாள் பசி எடுக்கும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். வெள்ளிக்குப் பிறகு நீண்ட இடைவெளி என்பதால் பொட்டாசியமும் நீரும் ஏறி நிற்கிற நாள் அது. செவ்வாய் இரவு மகளுக்கு ஒரு போன் போடுங்கள். கடைசி ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு, டயட்டீஷியன் எதையாவது முற்றிலும் நிறுத்தியிருக்கிறாரா, சர்க்கரை மாத்திரையோ ஊசியோ உண்டா என்று கேளுங்கள். பொட்டாசியம் கூடியிருக்கிறது என்றால் இந்த முறை உருளையை விட்டுவிட்டு முட்டைக்கோஸை அதே பூண்டுத் தாளிப்பில் வதக்கிக்கொண்டு போங்கள்.