லேட்டாக முடிவெடுத்தாலும் பரவாயில்லை, பேப்பரை எடுத்து வையுங்கள்: எம்.பி.பி.எஸ். கேள்வி-பதில்

வயது 29. ஐ.டி. வேலை. இனிமேல் எம்.பி.பி.எஸ். சேர சட்டப்படி இடம் உண்டா? (கோவை)

உண்டு. நீட் எழுத உச்ச வயது வரம்பை 2022-லேயே எடுத்துவிட்டார்கள். கீழ் வரம்பு மட்டும்தான்: சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட ஹவுஸ் சர்ஜன். 35-ல் கையெழுத்துப் போடத் தயாரென்றால் தாராளமாக வாருங்கள்.

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இப்போது பி.இ. இரண்டாம் ஆண்டு. பயாலஜி படிக்காததால் கதவு மூடிவிட்டதா? (சேலம்)

முன்பு மூடித்தான் இருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் திறந்துவிட்டது. பிளஸ் டூ முடித்த பிறகு கூடுதல் பாடமாக உயிரியல் எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம். காமர்ஸ் படித்தவருக்கும் இதே வழிதான், ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் என மூன்றையும் எழுத வேண்டும். ஒரே வருடத்தில் அதையும் நீட்டையும் சேர்த்து முடிப்பேன் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

பெரும்பாலானோர் போவது தேசிய திறந்தநிலைப் பள்ளிக்கு, அதாவது என்.ஐ.ஓ.எஸ்.-க்கு. உயிரியலின் பாட எண் 314. வருடத்தில் இரண்டு பொதுத்தேர்வு: ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். நீட் மே மாதம் என்பதால் அதற்கு முந்தைய அக்டோபரில் எழுதிவிடுங்கள். ஏப்ரல் தேர்வை நம்பினால் ரிசல்ட்டுக்கும் கவுன்சிலிங்குக்கும் நடுவில் மூச்சு முட்டும். தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தனித்தனியாகப் பாஸ் ஆக வேண்டும். வீட்டிலேயே படித்தேன் என்று பிராக்டிகலைத் தவறவிட்டவருக்குத் தியரியில் 70 வந்தாலும் பயனில்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூவில் மூன்று பாடமும் சேர்ந்து பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம் வேண்டும், அதாவது 300-க்கு 150. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம், 120. பழைய பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க் குறைவாக இருந்தால் பயாலஜியில் வெறும் பாஸ் போதாது.

சார், நீட்ல 150 மார்க். கவர்மென்ட் காலேஜ் கிடைக்குமா? (ஊர் குறிப்பிடவில்லை)

எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, எந்த மாநிலம்? ஒன்றையும் எழுதாமல் சீட் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும். 2025-ல் பொதுப்பிரிவுத் தகுதி மதிப்பெண் 144. அதைத் தாண்டினால் கவுன்சிலிங் வாசலில் நிற்கலாம், அவ்வளவுதான். அரசுக் கல்லூரி சீட் அதற்கு வெகு மேலே இருக்கிறது. மார்க்கை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவும் கூடாது: 2024-ல் முழு 720 எடுத்தவர்களே 17 பேர், 2025-ல் முதலிடமே 686. உங்கள் பிரிவில் உங்கள் ரேங்க் என்ன என்று பாருங்கள்.

மகள் அடுத்த நீட்டுக்கு விண்ணப்பிக்கிறாள். ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேறு மாதிரி இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் "அதெல்லாம் பார்க்க மாட்டார்கள்" என்கிறார்கள். (விழுப்புரம்)

பார்ப்பார்கள். சென்டர்காரருக்கு நூறு ரூபாய் வேலை, உங்களுக்கு ஒரு வருடம்.

நம் ஊர் இனிஷியல் சங்கதி வடக்கே இருக்கும் கம்ப்யூட்டருக்குப் புரியாது. மார்க் ஷீட்டில் "கவிதா எஸ்", ஆதாரில் "எஸ் கவிதா", சாதிச் சான்றிதழில் அப்பா பெயரோடு "கவிதா செல்வம்" என்று இருந்தால் அதன் கணக்கில் மூன்று பெண்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்தான் மூலம். மற்ற எல்லாவற்றையும் எழுத்து, இடைவெளி, இனிஷியல் இருக்கும் இடம் வரை அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். ஆதாரைத் திருத்த நூறு ரூபாய்க்குள்தான் ஆகும், சில வாரங்களில் முடியும். மார்க் ஷீட்டைத் திருத்தப் போனால் பள்ளி, கல்வித்துறை என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவையும் பிறந்த தேதியை ஒரே தடவையும்தான் மாற்ற முடியும். அவசரத்தில் தப்பாக மாற்றி அதை வீணடிக்காதீர்கள்.

அடுத்தது மொபைல் நம்பர். சென்டர்காரர் வேகத்துக்குத் தன் நம்பரையும் தன் இ-மெயிலையும் போட்டுவிடுவார். திருத்த அவகாசம் தரும் நாட்களிலும் அந்த இரண்டையும் மாற்ற முடியாது. ஹால் டிக்கெட், கவுன்சிலிங் ஓ.டி.பி. எல்லாம் அவர் போனுக்குப் போகும், அவர் அன்று கடை லீவு விட்டிருப்பார். மகளின் பெயரில் புது இ-மெயில், வீட்டிலேயே இருக்கும் நம்பர், பாஸ்வேர்டு நோட்டில். போட்டோ வெள்ளைப் பின்னணியில், காது தெரிய இருக்கட்டும். கையெழுத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்த மாதிரி போடக் கூடாது.

சாதிச் சான்றிதழும் இதே கதைதான். நீட் படிவத்தில் கேட்கும் ஓ.பி.சி. மத்தியப் பட்டியலின்படி. மாநிலத்தில் பி.சி.யாக இருந்தும் மத்தியப் பட்டியலில் இல்லாத சாதி என்றால் அந்தப் படிவத்தில் பொதுப்பிரிவுதான். பயப்பட வேண்டாம், தமிழ்நாட்டு 85 சதவீத இடங்களில் உங்கள் மாநிலச் சான்றிதழ்தான் பேசும். 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. கேட்க மத்திய வடிவ நான்-கிரீமிலேயர் சான்றிதழ், அதாவது வசதி வரம்பைத் தாண்டாத குடும்பம் என்ற சான்று, தனியாக வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம். சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் அதில் சேர்ப்பதில்லை. இது தெரியாமல் எத்தனையோ ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் ஒதுங்கிப் போகிறார்கள்.

ஆறு மாதம்தான் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்க? (நாகர்கோவில்)

உயிரியலிலிருந்து. 180 கேள்வியில் 90, 720-ல் 360. என்.சி.இ.ஆர்.டி. பதினொன்று, பன்னிரண்டு புத்தகங்களைப் படத்தின் கீழே இருக்கும் வரி வரைக்கும் படியுங்கள். அண்ணன் படித்த பழைய மெட்டீரியலைத் தூக்கிக்கொண்டு உட்காராதீர்கள். 2024 தேர்விலிருந்து செரிமானம், தாவரங்களில் கடத்துதல், திண்ம நிலை, பாலிமர் எல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை. இல்லாத பாடத்துக்கு மூன்று வாரம் போய்விடும்.

மூன்று மணி நேரம். உயிரியலுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60, மீதி ஓ.எம்.ஆர். விடைத்தாளுக்கு. வட்டத்தைக் கடைசியில் மொத்தமாகக் கறுக்கலாம் என்று வைத்தால் ஒரு கேள்வி தள்ளிப்போய் வரிசையே சரியும்.

தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாகப் போடலாமா? (மதுரை)

சரிக்கு நாலு மார்க், தப்புக்கு மைனஸ் ஒன்று. நாலு விடையில் எதுவுமே தெரியாவிட்டால் சராசரியில் கேள்விக்குக் கால் மார்க், அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள். இரண்டு விடையை உறுதியாகத் தள்ளிவிட்டால் ஒன்றரை மார்க், கட்டாயம் போடுங்கள். "உறுதியாக" என்பதைக் கவனியுங்கள்.

நீட் விண்ணப்பித்தால் போதும்தானே? (தஞ்சாவூர்)

போதாது. மாநில ஒதுக்கீட்டுக்கு ரிசல்ட்டை ஒட்டி கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக்குழுவுக்குத் தனி விண்ணப்பம், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி.யில் தனிப் பதிவு. சித்தா, ஆயுர்வேதாவுக்கு அது வேறு விண்ணப்பம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்ததற்கான சான்றைப் பள்ளியில் இப்போதே வாங்குங்கள். நடுவில் ஒரு வருடம் பெங்களூரு, துபாய் என்றால் இருப்பிடச் சான்றிதழ் வேண்டும்.

நீட் இல்லாமலேயே வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். என்கிறார் ஏஜென்ட். (திருச்சி)

படிக்கலாம். இந்தியாவில் பிராக்டிஸ் பண்ண முடியாது. நீட் தகுதி, குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கே ஒரு வருடப் பயிற்சி, இங்கே ஒரு வருடப் பயிற்சி, நடுவில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வு, அதில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். அதில் தேறுவது ஏறக்குறைய நாலில் ஒருவர். ஏஜென்டிடம் இந்த ஐந்தையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

நீட் மார்க் வரவே வராது என்று தெரிகிறது. பயாலஜி படித்தவன். வேறு வழி? (ஈரோடு)

கால்நடை மருத்துவம். தமிழ்நாட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்தான், நீட் வேண்டாம். கட்-ஆஃப் உயரத்தில்தான் நிற்கும். பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் வாங்கும், தேதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.