நியூசிலாந்தில் மோட்டார்ஹோம் பயணம்: உண்மையில் எவ்வளவு செலவாகும்? (கேள்வி பதில்)

மெல்பர்னில் விமானம் ஏறினால் மூன்றரை மணி நேரத்துக்குள் கிறைஸ்ட்சர்ச். நாங்கள் இதுவரை நான்கு முறை போயிருக்கிறோம், நான்கு முறையும் மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்துத்தான் சுற்றினோம். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது செலவைப் பற்றித்தான். இந்த முறை வந்த கேள்விகளை ஒன்றாக எடுத்துப் பதில் எழுதுகிறேன். ஆஸ்திரேலிய டாலர் என்று குறிப்பிடாத இடங்களில் எல்லாம் நியூசிலாந்து டாலர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கடைசியாகப் போனபோது நம் 100 ஆஸ்திரேலிய டாலருக்கு அங்கே ஏறக்குறைய 110 கிடைத்தது.

நாங்கள் இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். ஏப்ரல் விடுமுறையில் 10 நாள் தென் தீவு. விமானச் செலவை விட்டுவிட்டு மொத்தம் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் அக்கா?

நாங்கள் கடைசியாகப் போனதும் இதே மாதிரிதான், அதனால் அந்தக் கணக்கையே தருகிறேன். நாலு பேர் படுக்கும் வண்டி, வாடகை நாளுக்கு 210. பத்து நாளுக்கு 2,100. முழு இன்சூரன்ஸ் நாளுக்கு 45, அது 450. கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கி டெக்கபோ, மவுண்ட் குக், குவீன்ஸ்டவுன், டே அனாவ், மில்ஃபோர்ட் சவுண்ட் பார்த்துவிட்டு வனாக்கா வழியாகத் திரும்பினோம். மீட்டரில் 1,650 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டீசல் 200 லிட்டர், சுமார் 400 டாலர். டீசல் வண்டிக்கான சாலைக் கட்டணம் 132 (இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்). ஒன்பது இரவில் ஐந்து இரவு மின்சார வசதியுள்ள ஹாலிடே பார்க் (வண்டியை நிறுத்தித் தங்கும் கட்டண முகாம்), 400. நான்கு இரவு அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம்கள், 200. மளிகையும் இடையில் வெளியே சாப்பிட்டதும் 600. மில்ஃபோர்ட் சவுண்டில் படகுச் சவாரி 400.

கூட்டினால் 4,700-க்குக் கொஞ்சம் குறைவு. நம் பணத்தில் 4,250 அளவில் வந்தது. இதே பயணத்தை டிசம்பர் கடைசியில் வைத்தால் வாடகை மட்டுமே இரண்டு மடங்காகிவிடும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது அந்த 210 மட்டும்தான். எங்கள் மொத்தச் செலவில் அது பாதிகூட இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு விலை ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: பெரும்பாலான நிறுவனங்கள் வாடகையை 24 மணி நேரக் கணக்கில் எடுப்பதில்லை, காலண்டர் நாள்தான். மாலை நாலு மணிக்கு வண்டி எடுத்தாலும் அன்றைக்கு முழு நாள் காசு. விமானம் மாலையில் இறங்கினால் முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மோட்டலில் தங்கிவிட்டுக் காலையில் வண்டி எடுப்பது நல்லது. பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தில் வைத்துக்கொண்டு இருட்டில் புதிய வண்டியை ஓட்டவும் வேண்டாம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கினார்கள். "அன்லிமிடெட் கிலோமீட்டர்" என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, சட்டப்படி உள்ள வரி அது. ஆஸ்திரேலியாவில் பெட்ரோலோ டீசலோ, எரிபொருள் வரி பம்ப் விலையிலேயே சேர்ந்துவிடுகிறது. நியூசிலாந்தில் பெட்ரோலுக்கு மட்டும்தான் அப்படி. டீசல் வண்டிகள் ஓடிய தூரத்துக்கு ஏற்ப சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். ஆர்.யு.சி. என்று சொல்வார்கள். மூன்றரை டன்னுக்கு உட்பட்ட டீசல் வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர், கனமான வண்டிக்கு அதைவிடக் கூட. வாடகை நிறுவனம் அதை முன்கூட்டியே கட்டிவிட்டு, நாம் வண்டியை விடும்போது மீட்டரைப் பார்த்து வாங்கிக்கொள்கிறது.

முதல் தடவை போனபோது எனக்கும் இது தெரியாது. பம்பில் டீசல் விலை பெட்ரோலைவிட எவ்வளவோ குறைவு என்று சந்தோஷப்பட்டேன். வரி சேராததால்தான் அந்த விலை. நீங்கள் கணக்குப் போடும்போது 100 கிலோமீட்டருக்கு டீசல் 24, ஆர்.யு.சி. 8 அல்லது 9, ஆக 33 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் படுக்கும் பெரிய வண்டியாக இருந்தால் 40. இப்படிப் பார்த்தால், "மேற்குக் கரையையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாமே" என்று 500 கிலோமீட்டர் கூட்டும்போது அதற்கு என்ன விலை என்பது தெரிந்துவிடும்.

இன்சூரன்ஸ் நாளுக்கு 45 கேட்கிறார்கள். கட்டாயமா? நான் இருபது வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறேன்.

கட்டாயமில்லை. எடுக்காவிட்டால் 5,000 முதல் 7,500 டாலர் வரை உங்கள் கார்டில் பிடித்து வைப்பார்கள். சேதம் ஆனால் அந்தத் தொகை வரை உங்கள் பொறுப்பு. சில இடங்களில் பிடித்துவைப்பதோடு நிற்காமல் கார்டிலிருந்து பணமாகவே எடுத்துவிட்டு, பிறகு திருப்பித் தருவார்கள். இடையில் நாணய மாற்று விகிதம் மாறினால் அந்த வித்தியாசமும் நம் தலையில்தான்.

நான் எடுக்கச் சொல்வேன். காரணத்தைச் சொல்கிறேன். புகாக்கி ஏரிக்கரையில் ஒரு மத்தியானம் படம் எடுக்க நிறுத்தினோம். ஏரி அந்தப் பால் கலந்த நீலத்தில் கிடந்தது. எதிரே மவுண்ட் குக் முழுதாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டுநர் பக்கக் கதவை ஒரு சாண் திறந்தார், அவ்வளவுதான். அந்தப் பக்கத்து வடமேற்குக் காற்று கதவை அவர் கையிலிருந்து பிடுங்கி முன்பக்கம் மடக்கிவிட்டது. கீல் வளைந்து கதவு மூடவே இல்லை. கயிற்றால் கட்டிக்கொண்டு அடுத்த ஊர் வரை போனோம். அவர் ஓட்டுவதில் எந்தக் குறையும் இல்லை, வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. முழு இன்சூரன்ஸ் இருந்ததால் எங்கள் கையிலிருந்து எதுவும் போகவில்லை. அன்றிலிருந்து எங்கள் வண்டியில் ஒரு பழக்கம்: காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துத்தான் கதவைத் திறப்போம்.

முழு இன்சூரன்ஸிலும் ஓட்டைகள் உண்டு. கூரையிலும் வண்டியின் அடியிலும் ஆகும் சேதம், தண்ணீர்த் தொட்டியில் டீசல் ஊற்றுவது, வெளியே விரிக்கும் பந்தல் கிழிவது எல்லாம் பல ஒப்பந்தங்களில் சேராது. குவீன்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் சாலை, வட தீவின் நைன்ட்டி மைல் பீச் இரண்டிலும் வாடகை வண்டிக்கு இன்சூரன்ஸ் செல்லாது, போகவே போகாதீர்கள். ஆஸ்திரேலியாவில் வாங்கும் பயண இன்சூரன்ஸில் வாடகை வண்டிக்கான பாதுகாப்பும் இருக்கும், மலிவாகவும் இருக்கும். ஆனால் பல பாலிசிகளில் "வாடகை வண்டி" என்றால் கார் மட்டும்தான். அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி இலவசமாகத் தூங்கலாம் என்கிறார்களே?

எங்கே வேண்டுமானாலும் முடியாது. 2023-இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். உள்ளாட்சி நிலத்தில் வண்டியில் இரவு தங்க, வண்டிக்குள்ளேயே நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருக்க வேண்டும். கையில் தூக்கி வைக்கும் கழிப்பறை இப்போது கணக்கில் வராது. சான்று பெற்ற வண்டிக்குப் பச்சை நிற வில்லை ஒட்டியிருப்பார்கள். வண்டி எடுக்கும்போது அதைக் கண்ணால் பாருங்கள். அப்புறமும் ஊருக்கு ஊர் விதி வேறு. டெக்கபோ, குவீன்ஸ்டவுன் போலக் கூட்டம் மிகுந்த இடங்களில் பலகை பார்க்காமல் நிறுத்தினால் அபராதம் சில நூறு டாலர், அதில் நல்ல பார்க்கிலேயே நாலைந்து இரவு தங்கிவிடலாம். கேம்பர்மேட் என்ற செயலியில் இலவச இடம், கட்டண இடம், தண்ணீர் பிடிக்கும் இடம் எல்லாம் வரைபடத்தோடு இருக்கும்.

இலவசத்துக்கும் ஹாலிடே பார்க்குக்கும் நடுவில் நான் சொன்ன அரசு முகாம்கள்தான் எனக்குப் பிடித்தவை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காசு இல்லை, 17 வயது வரை பாதி. மவுண்ட் குக் அடிவாரத்தில் வைட் ஹார்ஸ் ஹில் முகாமில் காலை ஆறு மணிக்குத் திரையை விலக்கினால் பனிமலை ஜன்னலுக்கு நேரே நிற்கிறது. அந்த இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் ஓட்டல் அறை எடுக்க எங்கள் பட்ஜெட் தாங்காது.

எங்கள் சொந்த கேரவனைக் கப்பலில் கொண்டுபோக முடியுமா?

டாஸ்மேனியாவுக்குப் போவது போல நியூசிலாந்துக்கு வாகனப் படகு கிடையாது. சரக்குக் கப்பலில் ஏற்றி, அங்கே மண்ணும் விதையும் ஒட்டியிருக்கிறதா என்று சோதனை முடித்து எடுப்பதெல்லாம் மாதக்கணக்கில் தங்குபவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

12 நாளில் இரண்டு தீவையும் பார்க்க ஆசை. படகுக்கு எவ்வளவு?

வட தீவின் வெலிங்டனுக்கும் தென் தீவின் பிக்டனுக்கும் இடையே மூன்றரை மணி நேரப் பயணம். கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. ஏழு மீட்டர் வண்டியும் ஒரு குடும்பமும் ஒரு வழிக்கு 400-க்கு மேல் எதிர்பாருங்கள். முன்பதிவில் நீளத்தைச் சரியாகப் போடுங்கள், பின்னால் மாட்டியிருக்கும் சைக்கிள் தாங்கியையும் சேர்த்து.

ஆனால் 12 நாளில் இரண்டு தீவு வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றரை டன்னைத் தாண்டிய வண்டிக்கு நெடுஞ்சாலையில் 90-தான் வேக வரம்பு, வளைவுகளிலும் ஒருவழிப் பாலங்களிலும் சராசரி 60 வந்தாலே அதிகம். கூகுள் மூன்று மணி என்று சொன்னால் நாலு என்று வையுங்கள். இரண்டு தீவு என்றால் நாள் முழுக்க வண்டியில்தான் இருப்பீர்கள், கிலோமீட்டருக்கான காசும் ஏறிக்கொண்டே போகும்.

நான் மாணவன். நாளுக்கு 1 டாலருக்கு வண்டி கிடைக்கும் என்று நண்பன் சொன்னான். உண்மையா அக்கா?

உண்மைதான் தம்பி. மக்கள் ஆக்லாந்தில் எடுத்த வண்டியைக் கிறைஸ்ட்சர்ச்சிலோ குவீன்ஸ்டவுனிலோ விட்டுவிடுவார்கள். அதை யாராவது திரும்ப ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் தெற்கிலிருந்து வடக்கே போகும் வண்டிகள்தான் அதிகம் கிடைக்கும், கோடை முடியும் சமயத்தில் இன்னும் கூடுதலாக. நாலைந்து நாள்தான் தருவார்கள். சில சமயம் படகுக் கட்டணத்தையோ ஒரு டேங்க் டீசலையோ அவர்களே ஏற்பார்கள். அதைக் கேட்டுக்கொள், இல்லாவிட்டால் 1 டாலர் வண்டிக்குப் படகுக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் கொடுப்பாய். வயது 21 ஆகியிருக்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள். தேதி கடைசி வாரத்தில்தான் உறுதியாகும், விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிடாதே.

நானும் மனைவியும் மட்டும். மோட்டார்ஹோம் லாபமா, காரும் மோட்டலும் லாபமா?

இரண்டு பேருக்கு, கோடைக்காலத்தில், காரும் மோட்டலும்தான் மலிவாக வரும். சமையல் வசதியுள்ள மோட்டல் அறைகள் எல்லா ஊரிலும் உண்டு. நாலு பேர், சைவச் சாப்பாடு, சின்னப் பிள்ளை என்று வரும்போதுதான் மோட்டார்ஹோம் கணக்குக்கு வருகிறது. ஜூன், ஜூலையில் வாடகை பாதிக்கும் கீழே இறங்கும், அப்போது இரண்டு பேருக்கும் சரியாக வரலாம். ஆனால் மலைப்பாதைகளில் டயருக்குச் சங்கிலி மாட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

மதுரையிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. முதலில் விசா. ஆஸ்திரேலியக் குடியுரிமை இருந்தால் உங்களுக்கு எதுவும் தேவையில்லை. நிரந்தர வதிவிடம் மட்டும் இருந்தால் இணையத்தில் எடுக்கும் சிறிய பயண அனுமதி போதும், வெளிநாட்டுப் பயணிகளுக்கான 100 டாலர் வரியும் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு நியூசிலாந்து விசா தனியாக வேண்டும். அந்த 100 டாலரோடு சேர்த்துத் தலைக்கு 400-ஐத் தாண்டும். அதைப் பட்ஜெட்டில் எழுதுங்கள், நேரத்தோடு விண்ணப்பியுங்கள்.

விபத்தில் காயம் பட்டால் வெளிநாட்டவரின் சிகிச்சைக்கும் அந்த நாட்டு அரசின் திட்டம் உதவும். காய்ச்சல், நெஞ்சுவலி போன்ற நோய்க்கு உதவாது. பெரியவர்களுக்குப் பயண இன்சூரன்ஸ் கட்டாயம் எடுங்கள். வண்டி எடுக்கும்போது அவர்களுக்குக் கீழ்ப்படுக்கை வருமா என்று பாருங்கள். ஓட்டுநருக்கு மேலே இருக்கும் படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும், என் மாமியாருக்கு அது முடியவில்லை. இரண்டாவது இரவிலிருந்து நானும் மகளும் மேலே போய்விட்டோம்.

அந்தக் கழிப்பறையை யார் சுத்தம் செய்வது? கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

நாம்தான். வண்டியின் வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவைத் திறந்தால் சக்கரம் வைத்த பெட்டி வரும். டம்ப் ஸ்டேஷனில் (கழிவைக் கொட்டுவதற்கென்றே உள்ள இடம்) கொட்டி, அங்கேயே குழாயில் அலசி, மருந்து ஊற்றித் திரும்ப மாட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை. கையுறை ஒரு பெட்டி வாங்கிவையுங்கள். பெரும்பாலான ஊர்களில் இலவசம்.

சமையல் சாமான் என்ன எடுத்துப் போகலாம்?

நாட்டுக்குள் நுழையப் பயணிகள் நிரப்பும் அறிவிப்பில் உணவுப் பொருள் இருக்கிறது என்று எழுதுங்கள். எழுதாமல் ஒரு ஆப்பிள் பையில் இருந்தால்கூட அங்கேயே 400 டாலர் அபராதம். கடையில் வாங்கிய சீல் உடைக்காத மசாலாப் பொடி, அரிசி மாவு எல்லாம் நான் ஒவ்வொரு முறையும் காட்டித்தான் கொண்டுபோகிறேன், பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், தேன் வேண்டாம். மற்றதைக் கிறைஸ்ட்சர்ச் இந்தியக் கடையிலும் பேக்'ன்சேவ் சூப்பர் மார்க்கெட்டிலும் வாங்கலாம். டெக்கபோ தாண்டினால் விலை ஏறும், அதனால் முதல் நாளே வாங்கி நிரப்புங்கள்.

ரைஸ் குக்கர் மின்சார இணைப்புள்ள இடத்தில்தான் வேலை செய்யும், மற்ற இரவுகளில் கேஸ் அடுப்புதான். மிளகாய் தாளித்தால் புகை அலாரம் உடனே அலறும். வண்டிக்குள் வாசனை தங்கினால் சுத்தம் செய்யத் தனிக்கட்டணம் கேட்பவர்களும் உண்டு. தாளிப்பை ஹாலிடே பார்க்கின் பொதுச் சமையலறையில் முடித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டால் மூன்று நாள் தாங்கும். மாவு புளிக்க வேண்டுமா? ஏப்ரல் இரவுக் குளிரில் தானாகப் புளிக்காது. பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி ஹீட்டர் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். டே அனாவில் அப்படி வைத்த மாவில்தான் மறுநாள் மில்ஃபோர்ட் போகும் வழியில் வண்டியை ஓரம் கட்டி, நாலு பேருக்கும் தோசை சுட்டேன்.