முதல் சீசனுக்கு ஒரு பை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திருப்பரங்குன்றத்தில் டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். உங்கள் அக்கா மகன் கார்ட் (குட்டிப் பந்தய வண்டி) ஓட்டிய நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் என் மகனைக் கோவைக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். அவனுக்கு 12 வயது. அவன் ஓட்டியதைப் பார்த்த ஓர் அணி, இந்த சீசன் ஜூனியர் பிரிவில் ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டது. வண்டி, என்ஜின் எல்லாம் அவர்களுடையது. நாங்கள் பணம் கட்ட வேண்டும். முதல் ரவுண்டு ஆடி மாதம், கோவை செட்டிபாளையத்தில்.

எடுத்துப் போக ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். முழு ஸ்பேனர் செட், சின்ன கம்ப்ரசர், ஸ்பார்க் பிளக், பிஸ்டன் ரிங், செயின், டூ-டி ஆயில், கிரைண்டர், டார்ச். பையனுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட புது ஹெல்மெட் (வளர்கிற பையன், ஒரு சைஸ் பெரிதாக), லெதர் ஜாக்கெட், ஸ்போர்ட்ஸ் ஷூ, பிஸ்கட். எதையாவது விட்டுவிட்டேனா? அவன் அம்மா பாண்டி கோயில் கயிறு கட்டித்தான் அனுப்புவேன் என்கிறாள். அதை அனுமதிப்பார்களா?

ரா., திருப்பரங்குன்றம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பட்டியலைப் பார்த்தால் பந்தயத்துக்குப் போகப்போவது உங்கள் ஒர்க் ஷாப் என்றுதான் தோன்றுகிறது. பையனுக்கென்று இருப்பது கடைசி நான்கு சாமான். அதிலும் மூன்று சரியில்லை.

முதலில் கருவிகள். வண்டி அணியுடையது என்றால் மெக்கானிக்கும் அவர்களுடையவர்தான். ரோட்டாக்ஸ் கம்பெனி என்ஜினை வைத்தே எல்லோரும் ஓட்டுகிற ரோட்டாக்ஸ் மேக்ஸ் மாதிரிப் பிரிவுகளில் என்ஜினுக்கு எண் போட்ட சீல் வைத்திருப்பார்கள். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே சக்தியுள்ள என்ஜினோடு ஓட வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவின் அடிப்படை. உங்கள் கை எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் பிஸ்டன் ரிங்குக்கு அங்கே வேலை கிடையாது. சீலைத் தொட்டால் பையனைத்தான் வெளியே அனுப்புவார்கள்.

ஆயிலும் அப்படித்தான். எந்த ஆயில் என்பதைப் பெரும்பாலும் விதிப்புத்தகமே சொல்லும். 125 சிசி ரோட்டாக்ஸுக்கு 50-க்கு 1 கலவை, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. அதை அணியே கலந்து வைத்திருக்கும். கம்ப்ரசரையும் கிரைண்டரையும் கடையிலேயே விட்டுவிடுங்கள். பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை அவை உங்கள் கடைப் பையன்களுக்கு உதவும்.

ஒன்றே ஒன்று எடுத்துப் போகலாம், நல்ல ஏர் கேஜ். உங்கள் கடையில் இருப்பது வேண்டாம், அது பைக் டயருக்கு. கார்ட் டயரில் காற்று பத்து, பன்னிரண்டு பி.எஸ்.ஐ. பக்கம்தான் இருக்கும். அதில் அரை பி.எஸ்.ஐ. கூடினாலும் குறைந்தாலும் வண்டி வளைவில் வேறு மாதிரி போகும். அரை அரையாகக் காட்டுகிற, 30-க்கு மேல் போகாத கேஜ் வாங்குங்கள். ஓடுவதற்கு முன்னால் என்ன காற்று, வந்து நின்றதும் என்ன காற்று, அப்போது வெயிலா மேகமா என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். மெக்கானிக்கின் அனுமதியோடு செய்யுங்கள். உங்கள் அனுபவத்துக்கு முதல் சீசனில் இதைவிட நல்ல வேலை கிடைக்காது. மூன்றாவது ரவுண்டு வரும்போது அந்த நோட்டை அவர்களே கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

இனி பையன்.

கார்ட்டில் சஸ்பென்ஷன் இல்லை, அது உங்களுக்கே தெரியும். வளைவில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரென்ஷியலும் இல்லை. பின்னச்சு ஒரே கம்பி, இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் கொஞ்சம் தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். அதை எழுப்புவது ஸ்டியரிங்கைத் திருப்பும் கை, வளைந்து கொடுக்கிற சேசிஸ் (வண்டியின் சட்டம்), அப்புறம் வெளிப்பக்கம் தள்ளப்படுகிற ஓட்டுபவனின் எடை. சீட் பெல்ட்டும் கிடையாது. தலைக்கு மேல் கூண்டு இல்லாத வண்டி கவிழ்ந்தால் ஆள் அதோடு கட்டுண்டு கிடக்கக் கூடாது என்பதற்காக. ஆகவே பையனைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஃபைபர் சீட் மட்டும்தான். ஒவ்வொரு வளைவிலும் அதன் விளிம்பு விலா எலும்பில் வந்து குத்தும். டிராக் ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏறி இறங்கினால் இன்னும் மோசம்.

அதனால்தான் உங்கள் பட்டியலில் இல்லாத ரிப் புரொடெக்டரை (விலாவுக்குப் போடும் கவசம்) முதலில் சொல்கிறேன். ஒல்லிப் பையன்களுக்கு இது கட்டாயம். விலா வலியோடு ஓட்டுகிற பையன் வளைவுக்கு முன்னாலேயே உடம்பை இறுக்கிக்கொள்வான். நேரம் கூடும். நீங்கள் என்ஜினைச் சந்தேகிப்பீர்கள். அதை வாங்கிவிட்டு, போட்டுக்கொண்ட நிலையில் அணியின் சீட்டில் அவனை உட்காரவைத்துப் பாருங்கள். சீட் அளவு சரியில்லை என்றால் அப்போதே சொல்லுங்கள். பந்தயத்தன்று காலை சொன்னால் ஸ்பான்ஜ் வைத்து ஒட்டித்தான் தருவார்கள்.

ஹெல்மெட்டுக்கு வருகிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை ரோட்டுக்கு. கார்ட் பந்தயத்தில் ஸ்னெல் அமைப்பின் கே தரமோ, சிறுவர்களுக்கான சி.எம்.ஆர். தரமோ, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தரமோ கேட்பார்கள். எது செல்லும் என்பது அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தில் இருக்கும். 1956-ல் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்னெல் என்ற ஓட்டுநரின் நினைவாக அடுத்த ஆண்டு தொடங்கப்பட்ட அமைப்பு ஸ்னெல். சி.எம்.ஆர். ஹெல்மெட்டின் எடை குறைவு. பன்னிரண்டு வயதுக் கழுத்துக்கு அது முக்கியம்.

சைஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகப் பேசத்தான் வேண்டும். ஸ்கூல் யூனிஃபார்மை இரண்டு வருஷத்துக்கு வருமாறு தைக்கிற ஊர் நம்முடையது. பந்தய உடையான சூட்டில் அந்தப் புத்தி ஓரளவு செல்லும். உட்கார்ந்தால் கால், கை இரண்டும் மேலே ஏறும், ஆகவே சற்று நீளமாக இருப்பதே நல்லது. ஹெல்மெட்டில் அந்தப் பேச்சே கூடாது. பாலக்ளாவா (ஹெல்மெட்டுக்குள் போடும் துணி முகமூடி) போட்ட தலையில் மாட்டிவிட்டு, ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பினால் கன்னத்துச் சதையும் கூடவே திரும்ப வேண்டும். தளர்ந்த ஹெல்மெட் அடிபடும்போது தலைக்கு முன்னால் தான் திரும்பிக்கொள்ளும். செகண்ட் ஹேண்டும் வேண்டாம். உள்ளே எந்த அடி பட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. வாங்கிய ஹெல்மெட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், இல்லையென்றால் நீங்கள் பைக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

லெதர் ஜாக்கெட் பேன்ட்டுக்கும் சட்டைக்கும் நடுவில் திறந்து நிற்கும். வெயிலில் வேகவும் வைக்கும். கார்ட் சூட்டே வாங்குங்கள். இதில் ஒரு எச்சரிக்கை. கார் பந்தய சூட் பார்க்க அழகாக இருக்கும், யாராவது குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பார்கள். அது தீயைத் தாங்குகிற துணி. கார்ட்டில் பெரிய பயம் தார் ரோட்டில் உராய்ந்து தோல் போவது, அதற்கு வேறு துணி. ஷூவும் அப்படியே. ஓட்டப்பந்தய ஷூவின் தடித்த அடிப்பாகத்தில் பெடல் உணர்வே இருக்காது. மெல்லிய அடி, கணுக்காலை மூடும் உயரம், இந்த இரண்டும் இருந்தால் போதும். கையுறை இரண்டு ஜோடி. வியர்வையில் ஊறிய முதல் ஜோடி மத்தியானத்துக்குள் கையைக் கொப்புளமாக்கிவிடும்.

இனி, பையனின் அம்மா கட்டப்போகிற கயிறு. கழுத்துச் சங்கிலி, காப்பு, கம்மல் எதுவும் கூடாது. கயிறு மெல்லியதாக மணிக்கட்டில் ஒட்டிக் கிடந்தால் கையுறைக்குள் போய்விடும், முடிச்சுப் பெரிதாக இருந்தால் அழுத்தும். பையில் கட்டிவிடச் சொல்லுங்கள். பாண்டி முனிக்கு அது பையன் கொண்டுபோகிற பை என்று தெரியும். துப்பட்டா, நீள முடி விஷயம் உங்கள் வீட்டில் இல்லை, ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றுலா இடங்களில் வாடகைக் கார்ட் ஓட்டப்போன பெண்களின் முடி பின்னச்சில் சுற்றிக்கொண்டு உயிர்போன சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. முடி முழுக்க பாலக்ளாவாவுக்குள்ளும் காலருக்குள்ளும் போகாமல் யாரையும் வண்டியில் ஏற்றாதீர்கள்.

இப்போது யாருமே பட்டியலில் எழுதாத சமாச்சாரம். பிராக்டிஸ், குவாலிஃபையிங், ஹீட், ஃபைனல் என்று பெயர்கள் நிறைய இருக்கும். ஒவ்வொன்றும் 10, 15 நிமிடம். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு நாளில் பையன் வண்டியில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலை ஆறரைக்கே போய்விட்டு, மாலை பரிசளிப்பு முடிந்து கிளம்புவீர்கள். மிச்சமெல்லாம் பேடாக்கில், அதாவது அணிகள் தங்கும் இடத்தில், காத்திருப்பது. அந்தக் காத்திருப்பில் வெயிலும் வயிறும் சேர்ந்து பையனைச் சாய்த்துவிடும். மத்தியானம் மூன்று மணி ஃபைனலில் நிறையப் பிள்ளைகள் பின்தங்குவது அதனால்தான் என்பது பேடாக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் கண்டது.

ஆகவே ஒரு கோரைப்பாய், ஒரு தலையணை. இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் சூட்டை இடுப்பு வரை கழற்றிப் படுக்கவிடுங்கள். மாற்றிப்போட காட்டன் பனியன் நான்கைந்து. மடக்கு நாற்காலி உங்களுக்கு. ஆடி மாதம் என்கிறீர்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்தப் பக்கம் என்ன பாடு படுத்தும் என்பது பல்லடம் ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். பந்தலைக் கட்ட நல்ல கயிறும் கனமான நாலு மூட்டையும் வேண்டும். புழுதி ஹெல்மெட்டின் கண்ணாடியான வைசரில் படிந்துகொண்டே இருக்கும். அதன் மேல் டியர்-ஆஃப் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை ஒட்டிக்கொண்டால் ஓடும்போதே ஒன்றை உரித்துவிடலாம். வைசர் இரண்டு, கறுப்பு ஒன்று, வெள்ளை (நிறமில்லாதது) ஒன்று. மழை வந்தால் வெள்ளையை மாட்டி, உள்பக்கம் பாத்திரம் கழுவும் சோப்பைத் துளி தடவித் துடைத்தால் ஆவி படியாது. கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு சூட்டுக்கு மேலே. வண்டியில் ஏறும்வரை ஷூ மேல் கேரி பேக் கட்டியிருக்கட்டும், நனைந்த அடிப்பாகம் பிரேக்கில் வழுக்கும்.

சாப்பாட்டில் மதுரைக்காரர்களோடு எனக்கு எப்போதும் சண்டை. ராத்திரி கிளம்பி ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் பரோட்டா, சால்னா, கூடவே ஒரு கலக்கி என்று ஆரம்பித்தால் பையன் காலையில் ஹெல்மெட்டுக்குள் ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பான். 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம், முந்தைய நாள் மதியமே போய்ச் சேர்ந்து தூங்குங்கள். பந்தயத்தன்று காலை இட்லி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வாழைப்பழம், எலுமிச்சைச் சாதம், உப்புப் போட்ட நீர்மோர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு திடச் சாப்பாடு நிற்க வேண்டும். ஜிகர்தண்டா திரும்பி வந்த பிறகு, விளக்குத்தூணில்.

எடை குறைய வேண்டும் என்று பட்டினி போடுகிற பெற்றோர்களையும் பார்ப்பீர்கள். அவர்கள் வழியில் போகாதீர்கள். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து குறைந்தபட்ச எடை இருக்க வேண்டும் என்பது விதி. ஒல்லிப் பையன் என்றால் சீட்டில் ஈயக் கட்டி போல்ட் போட்டு எடை ஏற்றுவார்கள். ஓட்டம் முடிந்ததும் ஹெல்மெட், சூட், கையுறை எல்லாவற்றோடும் எடை மேடையில் நிற்க வைப்பார்கள். ஆசையாக ஓடிப்போய் அவன் ஹெல்மெட்டை நீங்கள் வாங்கிக்கொண்டால், அந்த எடை இல்லாமல் அவன் முடிவே ரத்தாகலாம்.

பள்ளிப் புத்தகம் ஒன்றாவது பையில் இருக்கட்டும். சீசன் நடுவே காலாண்டுத் தேர்வு வரும். டிராக்கெல்லாம் கோவை, சென்னை, பெங்களூரு என்று இருக்க, தேசியப் போட்டி நடக்கிற கார்ட் டிராக் மதுரைப் பக்கம் இல்லாத குறையை நம் பிள்ளைகள் தூக்கத்தாலும் லீவாலும் ஈடுகட்டுகிறார்கள். ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனுக்குக் கோவையே சொந்த ஊர். உங்கள் பையன் ஒவ்வொரு ரவுண்டுக்கும் ராத்திரி பஸ் பிடிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு பிளாஸ்டிக் ஃபைல். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தய சங்கங்களின் கூட்டமைப்பு) லைசென்ஸ், மருத்துவச் சான்று, பிறப்புச் சான்று, பெற்றோர் ஒப்புதல் படிவம், இன்ஷூரன்ஸ், எல்லாவற்றிலும் இரண்டு நகல். ரத்தப் பிரிவை சூட்டில் எழுதித் தையுங்கள். லைசென்ஸுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் மற்ற எதையும் வாங்குவதற்கு முன் அதை முடியுங்கள். பிறகு உங்கள் புதுப் பட்டியலை அணி மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, எவை அவர்கள் பொறுப்பு என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். மழைக்கான வெட் டயருக்கும் உடைந்த பாகங்களுக்கும் யார் பணம் கொடுப்பது என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா